நாத்தனார் திறந்து வைத்த மடிக்கணினி

மாதவிக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. அதில் பத்தொன்பது வருடத்தைக் கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. பெட்டிகளில் லேபிள் ஒட்டும் இயந்திரத்தின் முன்னால் நிற்பது அவள் வேலை. அந்த இயந்திரம் வாரத்துக்கு இரண்டு முறையாவது முரண்டு பிடிக்கும். அது நின்றால் பின்னால் வரும் பெட்டியெல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். சூப்பர்வைசர் தலையில் கை வைத்தபடி டெக்னீஷியனுக்குப் போன் போடுவார். டெக்னீஷியன் தே தாரிக் டீயைக் குடித்து முடித்து வந்து சேர்வதற்குள் மாதவி மூடியைத் திறந்து, சிக்கிய காகிதத்தை உருவி, சிவப்பு நிற ‘க்ளியர்’ பொத்தானை அழுத்தி, பிறகு பச்சையை அழுத்தி ஓட விட்டிருப்பாள். “நீ இருக்கிறப்ப டெக்னீஷியன் எதுக்கு லா?” என்று எல்லாரும் பாராட்டுவார்கள். பாராட்டு அவளுக்கு, சம்பளம் டெக்னீஷியனுக்கு. பத்தொன்பது வருடமும் இந்த ஏற்பாடு மாறவே இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். கையில் ஒரு கடிதமும், பிளாஸ்டிக் பையில் பழைய காலணியுமாக வீட்டுக்கு வந்தவள் பதினோரு நாள் வாசலைத் தாண்டவில்லை. அவளுடைய கணவன் சபாபதி போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவன். ஆறுதல் சொல்ல வராது அவனுக்கு. பண்டமாரானில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் குளிக்கப் போய்விடுவான். ஐந்தாம் படிவம் படிக்கும் மகள் ஷாமினிதான் பன்னிரண்டாம் நாள் போனை நீட்டினாள். பிரிக்ஃபீல்ட்ஸில், வேலை போனவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு வாரம் கணினிப் பயிற்சி. கட்டணம் கிடையாது.

“எனக்கு என்னடி தெரியும் கம்ப்யூட்டரப் பத்தி?” என்றாள் மாதவி.

“அந்த லேபிள் மெஷினப் பத்தி மட்டும் ஒனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?”

அந்தச் சனிக்கிழமை மாதவி போனாள்.

போன பிறகுதான் தெரிந்தது, அங்கே சொல்லித் தருவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்று. கணினியை உள்ளே இருந்து ஆட்டி வைக்கும் மென்பொருளில் விண்டோஸ் ஒரு வகை என்றால் இது இன்னொரு வகை. வீடுகளில் அதிகம் பார்க்க முடியாது. ஆனால் சைபர்ஜெயா பக்கம் வரிசையாக எழும்பிக்கொண்டிருக்கும் தரவு மையங்களுக்குள்ளே ஆயிரக்கணக்கான இயந்திரங்களில் இதுதான் ஓடுகிறது. பயிற்சி கொடுத்த முகுந்தன் முப்பது வயதுக்காரர். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து காட்டுவார். மற்றவர்கள் கொட்டாவி விடும்போது மாதவி கண்ணை எடுக்க மாட்டாள். இயந்திரம் நிற்கும், ஏன் நின்றது என்று அதுவே ஒரு வரியில் சொல்லும், படித்துப் பார்த்துச் சரி செய்தால் ஓடும். பத்தொன்பது வருடம் அந்த லேபிள் இயந்திரம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இது பேசுகிறது என்பதே அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

பயிற்சி முடியும் நேரத்தில் ஒரு தரவு மையம் ஆட்களைக் கேட்டது. செவ்வாய்க்கிழமை நேர்முகத் தேர்வு. வருகிறவர் தம் கையால் லினக்ஸ் நிறுவிய மடிக்கணினியும், பன்னிரண்டு வாரம் செய்த பயிற்சிகளின் பன்னிரண்டு அறிக்கைகளும் கொண்டுவர வேண்டும். மாதவிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இனி வரப் போவதில்லை. நாற்பத்திரண்டு வயதில், கையுறை லேபிளைத் தவிர வேறு அனுபவம் இல்லாதவளை வேறு யார் கூப்பிடுவார்கள்?

மடிக்கணினி மட்டும் அதற்கு இரண்டரை வாரம் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டுமானால் அமுதவள்ளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அமுதவள்ளி சபாபதியின் அக்கா. செலாயாங் மொத்தச் சந்தையில் இஞ்சி, பூண்டு, வெங்காயம் விற்கிறாள். கைராசிக்காரி என்று குடும்பம் முழுக்கப் பெயர். புது வீட்டில் பால் காய்ச்சுவது, புது வண்டியின் சாவியைத் திருப்புவது, பிள்ளையை முதல் நாள் பள்ளியில் விடுவது, எதுவானாலும் அமுதவள்ளி கை முதலில் பட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பு அவளுடைய கணவர் பழனியப்பன் கடையிலேயே மயங்கி விழுந்து, மருத்துவமனை போவதற்குள் இறந்துபோனார். அதற்குப் பிறகு பால் காய்ச்ச அவளை யாரும் கூப்பிடவில்லை. வேண்டாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. சொந்தக்காரர்களுக்கே உரிய சாமர்த்தியம் அது. சொல்லாமலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

மாதவியும் அவர்களில் ஒருத்திதான். இரண்டு வருடத்துக்கு முன்பு பழைய மைவி கார் ஒன்று வாங்கியபோது, “அக்கா வரணுமா? செலாயாங்கிலிருந்து எதுக்கு அலைச்சல்?” என்றாள். சபாபதி அவளை ஒரு நிமிடம் பார்த்தான். சாவியை அவனே திருப்பிக்கொண்டான்.

ஆனால் மடிக்கணினி வந்த அன்று அவன் மாதவியிடம் கேட்கவில்லை. நேரே செலாயாங் போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டான். அமுதவள்ளி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சாமி அறையில் தாம்பாளத்தில் மடிக்கணினியை வைத்து, மூடியில் சந்தனம் குங்குமம் இட்டு, நல்ல நேரம் பார்த்து அமுதவள்ளி பொத்தானை அழுத்தினாள். திரை நீலமாக ஒளிர்ந்தது. பிறகு ஈமெயில் முகவரி கொடு, இல்லையென்றால் மேலே போக மாட்டேன் என்று அடம்பிடித்தது.

“அக்கா, ஒன் ஈமெயிலயே போடு. ஆரம்பம் எல்லாம் ஒன் கையாலயே இருக்கட்டும்,” என்றான் சபாபதி.

கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பேரனின் இணைய வகுப்புக்காகத் திறந்த முகவரி ஒன்று அமுதவள்ளியிடம் இருந்தது. அதைப் போட்டாள். கடவுச்சொல்லையும் ஒரு விரலால் தட்டினாள். எல்லாரும் கேசரி சாப்பிட்டார்கள்.

மறுநாளிலிருந்து மாதவி எப்போது மடிக்கணினியைத் திறந்தாலும் அது அமுதவள்ளியின் பெயரைப் போட்டுத்தான் வரவேற்றது. காலையில் அமுதவள்ளி, மாலையில் அமுதவள்ளி. என் லேப்டாப்புக்கு என்னைத் தெரியவில்லையே என்று மாதவிக்கு எரிச்சல். லினக்ஸ் போடுகிற அன்று விண்டோஸை அடியோடு துடைத்துவிடுவது என்று அவள் முடிவு செய்ததில் பாதிக் காரணம் இதுதான். அதை யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமே கூடச் சரியாக ஒப்புக்கொள்ளவில்லை.

நேர்முகத் தேர்வுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தாள். அறிக்கைகள் பன்னிரண்டும் ஒரு பென்டிரைவில் இருந்தன. லினக்ஸை ஏற்றி நிறுவவும் ஒரு பென்டிரைவ் வேண்டும். வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. கெட்டிக்காரி அல்லவா, அறிக்கைகளை மடிக்கணினிக்குள் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, லினக்ஸை அதே பென்டிரைவில் ஏற்றினாள். இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று திரை கேட்டது. பரவாயில்லை என்றாள். விண்டோஸைத் துடைப்பதற்கு முன்னால் லேப்டாப்புக்கு வெளியே வேறொரு இடத்துக்கு அவற்றை மாற்றி வைக்க வேண்டும் என்பதும் நினைவில் இருந்தது. அதற்குள் இன்னொரு காரியத்தைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியதுதான் வினை.

இணையத்தில் யாரோ ஒரு தம்பி, லினக்ஸ் போடுவதற்கு முன்னால் கணினியின் அடிப்படை அமைப்புக்குள் போய் ஒரு பாதுகாப்பு வசதியை அணைத்துவிடுங்கள் என்று வீடியோவில் சொல்லியிருந்தான். முகுந்தன் அப்படிச் சொன்னதே இல்லை. இருந்தாலும் வீடியோவில் ஒருவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா? அணைத்தாள். மறுபடி இயக்கியபோது விண்டோஸ் வரவில்லை. நீலத் திரையில் ஒரு பூட்டு வந்து நின்றது. நாற்பத்தெட்டு இலக்கச் சாவி எண்ணைக் கொடு என்றது.

மாதவி திரும்பவும் அமைப்புக்குள் போனாள். அங்கே பாதுகாப்புச் சிப் என்று ஒரு வரி, அதற்கு எதிரே ‘க்ளியர்’ என்று ஒரு சொல். கை தானாகப் போய்விட்டது. பத்தொன்பது வருடம் எது நின்றாலும் க்ளியரை அழுத்தி ஓட வைத்த கை. அழுத்திய பிறகுதான் கீழே சின்ன எழுத்தில் இருந்த எச்சரிக்கையைப் படித்தாள்.

முகுந்தனுக்குப் போன் போட்டாள்.

“அணைச்சத திரும்ப ஆன் பண்ணியிருந்தாலே போதும்க்கா, தானா தொறந்திருக்கும்,” என்றார் அவர். “வேற எதும் தொடலயே?”

“க்ளியர் பண்ணிட்டேன் சார்.”

“அப்ப அந்தச் சாவி நம்பர் இல்லாம முடியாதுக்கா. உள்ள இருக்கிற எல்லாத்தையும் பூட்டி வச்சிருக்கு. மொதல்ல யாரு ஈமெயில்ல ஆரம்பிச்சீங்களோ, அந்த அக்கவுண்ட்ல நம்பர் இருக்கும். தொறக்கிறப்ப யாரு பேரச் சொல்லும்?”

“எங்க நாத்தனார் பேர.”

“நல்லதாப் போச்சு. அவங்ககிட்ட கேட்டா முடிஞ்சிச்சு. துடைச்சிட்டுப் புதுசா லினக்ஸ் போட நம்பர் தேவையில்லதான், ஆனா ரிப்போர்ட்டு எல்லாம் போயிரும்க்கா. பன்னண்டையும் திரும்பச் செய்ய ரெண்டு மாசம் ஆகும்.”

முகுந்தனுக்கு நாத்தனார் கிடையாது என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. மாதவி செலாயாங்குக்குப் போன் போட்டாள். பதற்றத்தில் எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று தெரியவில்லை.

“அக்கா, அன்னைக்கு லேப்டாப்பு ஆரம்பிச்சீங்கல்ல, அந்த ஈமெயிலுக்குப் பாஸ்வேர்டு வேணும்க்கா. உள்ள இருக்கிறத அழிச்சிட்டு வேற ஒண்ணு போடப் போறேன். அதுக்குத்தான்.”

“எத அழிக்கப் போற?”

“நீங்க ஆரம்பிச்சீங்களே, அந்த விண்டோஸ.”

“செய்ம்மா. நல்லாச் செய்,” என்றாள் அமுதவள்ளி. போன் துண்டிக்கப்பட்டது. அதற்குப் பிறகு மாதவி நான்கு முறை அழைத்தும் எடுக்கவில்லை.

சபாபதி ஜோகூருக்குப் போகும் வழியில் ஓய்வு நிலையத்தில் நின்றிருந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, “நீயே நேர்ல போ. நான் பேசுனா, தம்பி சொல்லித்தான் இவ வந்தான்னு ஆயிரும்,” என்றான். பிறகு, குரலைத் தாழ்த்தி, “வண்டி விசயம் அக்காவுக்கு இன்னும் மனசுல இருக்கு, மாதவி,” என்றான். இரண்டு வருடத்தில் அதைப் பற்றி அவன் வாய் திறந்தது அன்றுதான்.

சனிக்கிழமை காலை கிள்ளானில் ரயில் ஏறினாள். மடிக்கணினிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சிப், சாவி எண், ஈமெயில் என்று எப்படி விளக்குவது என்று வழி நெடுக மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். கே.எல். சென்ட்ரலில் இறங்கி கிராப் டாக்சி பிடித்துச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. பெரிய வியாபாரம் முடிந்து, லோரிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. அமுதவள்ளி பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, மண் ஒட்டிய இஞ்சியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“வா. இஞ்சி வேணுமா, பூண்டு வேணுமா?”

“உங்ககிட்ட பேசணும்க்கா.”

“பேசு. கைக்குத்தான் வேல இருக்கு. காது சும்மாத்தான் இருக்கு.”

ரயிலில் ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல் கூட மாதவிக்கு வரவில்லை. ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அமுதவள்ளியே தொடங்கினாள். இஞ்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

“அவரு போனதுக்கு அப்புறம் யாரும் என்னை எதுக்கும் கூப்பிடல. நான் கேக்கல. ஒங்க வண்டிக்கும் கூப்பிடல. அதையும் நான் கேக்கல. அன்னைக்குத் தம்பி வந்து நின்னான். ‘அக்கா, மாதவிக்கு லேப்டாப்பு, நீதான் வரணும்’னான். சரி, அவளேதான் கேட்டிருக்கா போலன்னு நெனச்சேன். அந்தப் பொடவ கட்டி மூணு வருசம் ஆச்சு, தெரியுமா? தேடி எடுத்துக் கட்டிக்கிட்டு வந்தேன். மூணு வாரம் கூட ஆகல, போன் பண்ணி அழிக்கிறேன்னு சொல்றே.”

தன்னைக் கேட்காமல்தான் சபாபதி அக்காவைக் கூட்டி வந்தான் என்று சொல்லி மாதவி தப்பித்துக்கொள்ளலாம். சொன்னால் இன்னும் மோசமாகும். சொல்ல வேண்டியது வேறு.

“வண்டிக்கு உங்கள வேணாம்னு சொன்னது நான்தான்க்கா. அவரு இல்ல. அலைச்சல்னு சொன்னது சும்மா. எனக்குப் பயம். அவரு எந்நேரமும் ரோட்டுல இருக்கிறவரு. ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்துட்டேன். நான் செஞ்சது தப்புக்கா. ரொம்பத் தப்பு.”

அமுதவள்ளி கையில் இருந்த இஞ்சியைக் கீழே வைத்தாள்.

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?” என்றாள். குரலில் கோபம் இல்லை. “அவரு இந்த எடத்துலதான்டி விழுந்தாரு. இந்தக் கடையத் தொறந்து வச்சதும் நான்தான், என் கையாலதான். அப்புறம் எனக்கே என் கையப் பாத்தாப் பயம். தம்பி அந்த வண்டிய எடுத்துக்கிட்டுத் தூரமா எங்கயாச்சும் போனான்னா, நல்ல வேள நான் தொடலன்னு எனக்கே தோணும். ஒன்னக் கோவிச்சுக்க எனக்கு என்ன ரைட்டு இருக்கு?”

இருவரும் அழுதார்கள். சந்தையில் அழுவதில் ஒரு வசதி உண்டு, வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தபோது அமுதவள்ளி அப்படித்தான் ஏதோ மலாயில் சொல்லி அவரை அனுப்பினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “செவ்வாக்கெழம இன்டர்வியூன்னு ஷாமினி சொன்னா. அந்த நம்பர எங்க பாக்கணும்? சொல்லு,” என்றாள்.

தராசு சொருகியிருந்த பிளக்கைக் கழற்றிவிட்டு மடிக்கணினியைச் சொருகினார்கள். அமுதவள்ளிக்குக் கடவுச்சொல் மறக்கவே மறக்காது. அவளும் கணவரும் முதன்முதலில் வாங்கிய லோரியின் எண் அது. அவளுடைய போனில் கணக்கைத் திறந்து, மாதவி காட்டிய இடத்தைத் தொட்டதும் நீளமாக எண்கள் வந்து நின்றன. ஆறு ஆறாக எட்டுக் கூட்டம்.

“எழுதிக்க,” என்று அமுதவள்ளி மூட்டை எடையைக் கூவும் குரலில் படிக்க ஆரம்பித்தாள். எதிர்க்கடை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாதவி மடிக்கணினியில் தட்டிக்கொண்டே வந்தாள். ஐந்தாவது கூட்டத்தில் திரை ஒத்துக்கொள்ளவில்லை.

“ஏழுன்னு சொன்னீங்களா, ஒண்ணுன்னு சொன்னீங்களா?”

“இரு, கண்ணாடியப் போட்டுக்கிறேன். ஒண்ணு லா, ஒண்ணு!”

எட்டாவது கூட்டமும் போய்ச் சேர்ந்தது. நீலத் திரை மறைந்தது. சுற்றிச் சுற்றி ஏதோ ஓடிவிட்டு, அமுதவள்ளியை வரவேற்றது மடிக்கணினி. அமுதவள்ளி தன் பெயரைத் திரையில் பார்த்துவிட்டு மாதவியைப் பார்த்தாள்.

“இது டெய்லி என் பேரையா சொல்லுது?”

“டெய்லி. காலையில எந்திரிச்சதும் மொதல்ல உங்க பேருதான். எனக்கு எப்படி எரியும் தெரியுமா?”

அமுதவள்ளிக்கு வந்த சிரிப்பில் முக்காலி ஆடியது. மாதவி அவசரமாக உள்ளே போய்ப் பார்த்தாள். அறிக்கைகள் பன்னிரண்டும் பத்திரமாக இருந்தன. போனிலிருந்து இணையத்தைக் கொடுத்து, முதல் வேலையாக எல்லாவற்றையும் தனக்கே ஈமெயிலில் அனுப்பினாள். ஷாமினிக்கும் அனுப்பினாள். முகுந்தனுக்கும் அனுப்பினாள். சூடு கண்டவள்.

விண்டோஸைத் துடைக்கும் எண்ணம் அதற்குள் அவளைவிட்டுப் போயிருந்தது. முகுந்தனைக் கேட்டபோது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், பாதி இடம் அதற்கு, பாதி இதற்கு, தொடங்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார். அதற்கு முதலில் பூட்டை முழுவதுமாகக் கழற்ற வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் அமுதவள்ளி வாழையிலையில் சோறு வரவழைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே, லினக்ஸ் என்றால் என்ன, தரவு மையத்தில் என்ன வேலை, அங்கே குளிர் அதிகமாமே, ஸ்வெட்டர் கொடுப்பார்களா என்று துருவித் துருவிக் கேட்டாள். எதற்கெல்லாம் பதில் தெரிந்திருக்கிறது என்று மாதவிக்கே வியப்பாக இருந்தது.

பூட்டுக் கழன்றது. பென்டிரைவைச் சொருகி, இந்த முறை ஒவ்வொரு திரையையும் இரண்டு தடவை படித்து, அவள் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். நிறுவு என்று ஒரு பொத்தான். மாதவி மடிக்கணினியை நாத்தனார் பக்கம் திருப்பினாள்.

“நீங்க அமுக்குங்கக்கா.”

அமுதவள்ளி கையை நீட்டவில்லை. மண் படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

“பயமில்லக்கா எனக்கு,” என்றாள் மாதவி. “நெசமா இல்ல.”

“எனக்கும் இப்ப இல்லடி. அதுக்காகச் சொல்லல. பன்னண்டு வாரம் படிச்சது யாரு? கண்ணு முழிச்சது யாரு? எல்லாத்தையும் நான் ஆரம்பிச்சு வச்சா, அப்புறம் அவ என்னாத்தச் செஞ்சான்னு ஒன்னக் கேப்பாங்க. இத நீயே அமுக்கு. நான் பாக்கிறேன்.”

மாதவி அழுத்தினாள். பாதி வழியில் உன் பெயர் என்ன என்று கேட்டது. மாதவி என்று தட்டினாள். சாதாரண விஷயம்தான், ஆனாலும் எழுத்தை இரண்டு தடவை சரிபார்த்தாள். இருபது நிமிடம் கழித்து மடிக்கணினி அணைந்து மறுபடி எழுந்தது. கறுப்புத் திரையில் லினக்ஸ், விண்டோஸ் என்று இரண்டு வரி வந்து, எது வேண்டும் என்று கேட்டது. அமுதவள்ளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “ரெண்டாவது யாரு, நானா?” என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை சைபர்ஜெயாவில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாதவியைவிட எல்லாரும் இளையவர்கள். தேர்வு செய்தவர் ஜெயமாலா என்ற அதிகாரி, நரைத்த தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். மடிக்கணினியில் நான்கு கட்டளைகளைக் கொடுத்துப் பார்த்தார். அறிக்கைகளைப் புரட்டினார். பிறகு, “நிறுவுறப்ப ஏதாச்சும் பிரச்சினை வந்துச்சா?” என்று கேட்டார்.

அவளுக்கு முன்னால் உள்ளே போன இளைஞன், எல்லாம் ஸ்மூத் என்று சொன்னதாக வெளியே வந்து சொல்லியிருந்தான். மாதவிக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் ஜெயமாலா கண்ணுக்கு நேரே பார்த்துக் கேட்டார். அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒரே பென்டிரைவ், வீடியோ தம்பி, க்ளியர், நாற்பத்தெட்டு இலக்கம், செலாயாங் சந்தை. நாத்தனாரும் தானும் அழுததை மட்டும் விட்டுவிட்டாள்.

“ஏன் க்ளியர அமுக்குனீங்க?”

“பத்தொன்பது வருசப் பழக்கம் மேடம். ஃபேக்டரியில மெஷின் நின்னா அதத்தான் அமுக்குவோம்.”

“இங்க ஒரு மெஷின் நின்னா?”

“என்ன எழுதியிருக்குன்னு ரெண்டு தடவ படிப்பேன். புரியலன்னா ஒருத்தரக் கேப்பேன். அப்புறம்தான் கை வைப்பேன்.”

ஜெயமாலா தாளில் எதையோ நீளமாக எழுதினார். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. மாதவி வீட்டுக்கு வந்து, கெடுத்துக்கொண்டேன் என்று ஷாமினியிடம் மூன்று நாள் புலம்பினாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்தது. பேசியவர் ஜெயமாலாவேதான். நான்கு பேரை எடுக்கிறோம், நீங்கள் ஒருவர், ஒன்றாம் தேதி வாருங்கள், ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள் என்றார். மாதவி நன்றி சொன்னாளா இல்லையா என்று அவளுக்கே ஞாபகமில்லை. ஷாமினி பள்ளிக்கூடத்தில், சபாபதி துறைமுகத்தில். வீட்டில் அவள் மட்டும் நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். சபாபதியின் எண்ணை எடுத்தாள். அழைக்காமல் நிறுத்தினாள். வேறு எண்ணை எடுத்தாள்.

“அக்கா, வேல கெடச்சிருச்சு. ஒண்ணாந்தேதி வரச் சொல்லிட்டாங்க.”

“நெசமாவா? தம்பி என்ன சொன்னான்?”

“அவருக்கு இன்னும் சொல்லலக்கா. ஷாமினிக்கும் சொல்லல. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்.”

யாரோ விலை கேட்கும் சத்தமும், தள்ளுவண்டி உருளும் சத்தமும் கேட்டன.

“அக்கா? இருக்கீங்களா?”

“என்கிட்டயா மொதல்ல சொன்ன?” என்றாள் அமுதவள்ளி. அவள் குரல் வேறு யாருடையதோ போலச் சின்னதாகிவிட்டிருந்தது.

மூன்று வருடமாக ஒரு நல்ல செய்தியும் அவளுக்கு நேராக வந்ததில்லை. கல்யாணம் நிச்சயமானது, குழந்தை பிறந்தது, வீடு வாங்கியது, எல்லாம் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் அவளை வந்தடையும். மாதவிக்கு அது அந்த நிமிடம்தான் முழுதாக உறைத்தது.

“ஆமாக்கா. உங்ககிட்டத்தான்.”

போனைக் கூட வைக்காமல் அமுதவள்ளி எழுந்து நின்றிருக்க வேண்டும். மூட்டை எடை கூவும் அந்தக் குரல் திரும்பி வந்தது. “ஹோய்! என் தம்பி பொண்டாட்டிக்கு வேல கெடச்சிருச்சு லா! கம்ப்யூட்டர் வேல! எனக்குத்தான் மொதல்ல சொன்னா!” என்று கத்தினாள். பிறகு எதிர்க்கடைக்காரருக்காக அதையே மலாயில் கத்தினாள். யாரோ கை தட்டினார்கள். யாரோ என்னவென்று கேட்க, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். சபாபதிக்குச் சொல்ல வேண்டுமே என்று மாதவிக்கு நினைவு வந்தது. ஆனால் செலாயாங்கில் அந்தச் சத்தம் ஓயும்வரை போனை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.